நாலு நடை பாக்கி

கல்லடியில் குளிரூட்டிய மண்டபம்.
மூன்று நாள் செயலமர்வு. மொழிபெயர்ப்பு நான்.
நாளுக்கு எட்டாயிரம், பகல் சாப்பாடு அவர்களுடையது.
திரையில் உலகப் படம்:
சியரா லியோன் செம்மஞ்சள்,
நாமும் செம்மஞ்சள்தான், ஒள்ளம் வெளிறினது.
கதியாத்து கமாரா என் காதருகே குனிந்து,
"நிறத்தில் நாம் பக்கத்து வீட்டுக்காரர்" என்றாள்.

காலை முழுக்க ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினேன்.
நொய்ந்த அரசு என்றேன்.
பின்வரிசையில் கிராம சேவகர் நிஸ்தார்:
"நொய்யரிசிக் கஞ்சியா மிஸ்?"
மண்டபம் சிரித்தது.
நலிந்த அரசு என்று மாற்றினேன்.
நலிந்தவனுக்குப் படிவம் உண்டு, நிவாரணம் உண்டு;
அரசே நலிந்தால் அது
எந்தக் கந்தோரில் வரிசையில் நிற்பது?
உடையக்கூடிய என்றதும்
கண்ணாடிப் பெட்டியில் ஒட்டுகிற சீட்டு ஞாபகம் வந்தது,
விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் களப் பயணம்.
பாடுமீன் கேட்கக் கூட்டிப்போவோம் என்றார்கள்,
அவள் வாக்குச்சாவடி பார்க்க வேண்டுமென்றாள்.
கிரானுக்கு அப்பால் மாவடித்துறை.
மார்கழி வெள்ளம் பாதையை விழுங்கி மூன்று கிழமை.
தண்ணீருக்குள் நெஞ்சளவில் ஒரு கல் நின்றது:
பாலத்துக்கு அடிக்கல் நாட்டியவரின்
பெயரும் பதவியும் மும்மொழியில்.
பாலம் எந்த மொழியிலும் இல்லை.

அழகிப்போடியின் தோணி.
இரண்டு ஆடு, ஒரு மோட்டார் சைக்கிள்,
கிளினிக் கொப்பியை மார்போடு அணைத்த கர்ப்பிணி ஒருத்தி,
மறுகா நாங்கள் மூவர்.
தண்டை ஊன்றியபடி அவர் கேட்டார்:
"கேளு புள்ள, அவட ஊரில வோட்டுப் போட்டா
பாலம் வருமாமா?"
"வரும். தேர்தலுக்கு முந்தின மாதம் வரும்.
முதல் மழையோடு போகும்."
"அப்ப அவங்க கெட்டிக்காரங்க.
எங்களுக்குக் கல்லு மட்டுந்தான்."

வாக்குப் பெட்டி எப்படிப் போகும் என்று கேட்டாள்.
"இதிலதான். ரெண்டு பொலிஸ், நாலு உத்தியோகத்தர்,
பெட்டிக்குப் போத்த ஒரு பொலித்தீன்."
சாரத்து மடிப்பிலிருந்து கொப்பி எடுத்தார்.
பேர், நடை, காசு.
யோகம்மா – பன்னிரண்டு – நெல் தந்தா.
பள்ளிக்கூடப் புள்ளையள் – எழுதல்ல.
தேர்தல் – நாலு நடை – பாக்கி.
அதற்குக் கீழே இன்னொரு தேர்தல், வேறு மையில்,
அதுவும் பாக்கி.

வரி வரியாக வாசித்துச் சொன்னேன்.
"கோபமில்லையா இவருக்கு?"
"கோபம் என்னத்துக்கு?
கச்சேரிக்கு ரெண்டு தரம் போனன், பைல் மாறியிருக்காம்.
கடன்காரன் ஒளிச்சுத் திரியிறான் எண்டா
ஆள் இருக்கான் எண்டுதானே."

இதைச் சொன்னதும் கதியாத்து சிரித்தாள்.
பிறகு கையைத் தண்ணீரில் விட்டபடி
நெடுநேரம் பேசாமல் வந்தாள்.
"எங்களிடம் பதினொரு வருடம்
கடன் எழுத ஒரு பெயரே இருக்கவில்லை.
காலையில் ஒருவன் வரி கேட்டான்,
மாலையில் வேறொருவன், வேறு துவக்கோடு.
திருப்பிக் கேட்க எவரும் கொப்பி வைத்திருக்கவில்லை."

தமிழில் சொல்லி முடிக்குமுன்னமே
தண்டு நின்றுவிட்டது.
தோணி தன்பாட்டில் ஒருக்கால் கிறுகியது.
நிஸ்தார் அக்கரையைப் பார்த்தார்,
கர்ப்பிணிப் பெண் ஆட்டைப் பார்த்தாள்.
"அது எங்களுக்கும் தெரியும் எண்டு சொல்லு" என்றார்.
"எந்த வருசம் எண்டு சொல்லத் தேவல்ல."

சொன்னேன். மூன்று நாளில்
சொல் தேடாமல் நான் பெயர்த்த ஒரே வசனம் அது.

கரையில் அவள் ஆயிரம் ரூபாய் நீட்டினாள்.
ஈரக் கையைச் சாரத்தில் துடைத்து
மிச்சத்தை எண்ணிக் கொடுத்து, எழுதினார்:
காதியம்மா – ஒரு நடை – காசு தந்தா.
நான் பையைத் திறக்க, வேண்டாம் என்று தலையாட்டினார்.
"நீங்க ரெண்டு பேரும் கந்தோர்க் கணக்கு."
நிஸ்தாரையும் என்னையும்
தேர்தலுக்குக் கீழே போட்டார்,
பாக்கியில்.